குளிரில் போல்ட் இணைப்பு வலுக்குமா, தளருமா? உலோக அடுக்குக் கூட்டுப்பொருளில் மைனஸ் 55 டிகிரி செய்யும் வேலை

கேள்வி இதுதான். அலுமினியத் தகடும் கண்ணாடி இழையும் மாறி மாறி ஒட்டப்பட்ட அடுக்குத் தகட்டில் துளை போட்டு, போல்ட் மாட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் தாங்கியதைவிட மைனஸ் 55 டிகிரியில் அதிகச் சுமை தாங்கியிருக்கிறது. குளிரில் பிசின் நொறுங்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், இது எப்படி? சரி, குளிரில் வலிமை கூடுகிறது என்றால் அறை வெப்பநிலையில் கிடைத்த எண்ணையே வைத்து வடிவமைத்தால் பாதுகாப்புதானே? கடைசியாக, குளிரில் இறுக்கம் குறையும் என்றால் குளிர்ந்த நிலையிலேயே முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கிவிடலாமா?

சோதனையில் தப்பு எதுவும் இல்லை. அந்த எண்ணும் நம்பக்கூடியதுதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. போல்ட் தண்டு அழுத்துகிற பக்கத்தில் துளையின் விளிம்பைக் குளிர் வலுவாக்குகிறது. அதே துளையின் இடமும் வலமும் மிஞ்சியிருக்கும் பொருளுக்கு அப்படிச் செய்வதில்லை. சில வகைத் தகடுகளில் அங்கே வலிமை குறையவும் செய்கிறது. சோதனைத் துண்டு எந்த அளவில் வெட்டப்பட்டிருந்ததோ அதைப் பொறுத்து இந்த இரண்டில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அராமிட் (கெவ்லார் போன்ற செயற்கை) இழையை அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வைத்து உருவாக்கியது அரால். சுமை ஏறி இறங்கும்போது, குறிப்பாக இழுவை மாறி அமுக்கம் வரும் நிலையில், அதன் இழைகள் அறுந்தன. அதனால் அராமிடுக்குப் பதில் வலுவான கண்ணாடி இழையை வைத்தார்கள். அப்படி வந்ததுதான் கிளேர். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் உடற்பகுதியில் மேற்புறத் தோல் பெரும்பாலும் இதுதான். 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அலுமினியத் தகடுகள், நடுவில் எப்பாக்சிப் பிசினில் ஊறிய இழை அடுக்குகள், ஏறத்தாழ 120 டிகிரியில் ஆட்டோகிளேவில் (சூடும் அழுத்தமும் தரும் மூடிய கலனில்) பதப்படுத்தல். கண்ணாடிக்குப் பதில் கார்பன் போட்டால் கரால். அலுமினியத்துக்குப் பதில் டைட்டானியம், கண்ணாடிக்குப் பதில் கார்பன் என்றால் இன்னொரு குடும்பம். ஜெர்மனியின் விமான, விண்வெளி ஆய்வு மையமான டி.எல்.ஆர் இந்தக் கடைசி வகையை வேறு விதமாகப் பயன்படுத்தியது: தகடு முழுக்கக் கார்பன், போல்ட் வருகிற இடத்தில் மட்டும் சில கார்பன் அடுக்குகளை எடுத்துவிட்டு டைட்டானியத் தாள்களைச் செருகுவது. போல்ட் இணைப்புக்கென்றே யோசித்த ஏற்பாடு என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி இணைப்பு எப்படி உடைகிறது என்று பார்ப்போம். போல்ட் துளையின் சுவரை நசுக்கிக்கொண்டே முன்னேறலாம். இதைத்தான் பேரிங் முறிவு என்கிறோம். துளைக்கு இருபுறமும் உள்ள மெல்லிய பகுதி இழுபட்டுக் குறுக்கே அறுந்துபோகலாம். இது நிகரக் குறுக்குவெட்டு முறிவு. துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் இடையிலான துண்டு அப்படியே வெளியே பிடுங்கிக்கொண்டு வரலாம். போல்டின் தலை தகட்டுக்குள் புதைந்து மறுபக்கம் வரலாம். பேரிங் தகைவை (தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) கணக்கிடுவது எளிது: சுமையை, போல்டின் விட்டத்தால் பெருக்கிய தகட்டுத் தடிமனால் வகுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட், 2 மில்லிமீட்டர் தகடு, 7,200 நியூட்டன் சுமை என்றால் 600 மெகாபாஸ்கல். கூட்டுப்பொருளில் ஓரத் தூரம் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு, அகலம் ஐந்து மடங்குக்கு மேல் என்று வைப்பது வழக்கம். காரணம், மற்ற முறிவுகளை ஒதுக்கிவிட்டுப் பேரிங்கில் உடைய வைப்பதற்குத்தான். பேரிங் முறிவு மெதுவாக நடக்கும், முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், பக்கத்து போல்டுக்குச் சுமையைக் கைமாற்றிவிடும். நிகரக் குறுக்குவெட்டு முறிவில் இந்த மூன்றும் கிடையாது.

குளிரில் பேரிங் வலிமை கூடுவதன் காரணத்தைப் பார்க்க, உடைந்த துண்டைத் துளையின் நடுவே, சுமைத் திசையில் வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். போல்ட் அழுத்திய விளிம்பில் அலுமினியத் தகடுகள் தடித்துப் புடைத்திருக்கும். அவற்றுக்கு நடுவே இழை அடுக்கில், சாய்வான ஒரு பட்டையில் இழைகள் எல்லாம் ஒரே பக்கமாக மடங்கி முறிந்திருக்கும். அங்கிருந்து தொடங்கி அலுமினியத்துக்கும் இழை அடுக்குக்கும் இடையே ஒரு மெல்லிய விரிசல் ஓடும். வெளிப்புறத் தகடு வாஷரின் விளிம்பைத் தாண்டிய இடத்தில் மேலே வளைந்து எழும்பியிருக்கும்.

இந்த மடிப்புப் பட்டைதான் விஷயம். ஒரு கண்ணாடி இழையின் விட்டம் 10 மைக்ரோனை ஒட்டியது. அமுக்கும்போது அது தானாக நிற்காது. சுற்றியுள்ள பிசின் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நிற்கிறது. குளிரில் பிசின் விறைப்பாகிறது, நெகிழத் தொடங்கும் (திரும்பி வராதபடி உருமாறும்) தகைவும் உயர்கிறது. பிடி கூடுகிறது, ஆகவே இழை மடங்க அதிகச் சுமை தேவைப்படுகிறது. இதன் மறுமுனை சூடும் ஈரமும் சேர்ந்த நிலை: ஈரம் ஏறிய பிசின் வெப்பத்தில் இளகும், இழைகள் சீக்கிரம் மடங்கிவிடும். பேரிங்குக்கு மோசமான சூழல் அதுதான், குளிர் அல்ல.

அலுமினியமும் குளிரில் ஒத்துழைக்கிறது. குளிர் என்றாலே நொறுங்கல் என்ற பயம் நமக்கு எஃகிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து லிபர்ட்டி கப்பல்களின் உடல் குளிர்ந்த கடலில் படாரென்று பிளந்ததும், சாதாரண எஃகு ஒரு வெப்பநிலைக்குக் கீழே நீட்சியை இழந்துவிடும் என்பதும் எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. அலுமினியத்தின் படிக அமைப்பு வேறு. அதற்கு அந்த மாதிரியான எல்லைக்கோடு இல்லை. மைனஸ் 55-இல் 2024 என்ற அலுமினியக் கலவையின் வலிமை ஓரிரு சதவீதமாவது கூடும், நீட்சி பெரிதாகக் குறையாது. போல்டைப் பொறுத்தவரை டைட்டானியமும் ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத எஃகும் இந்த வெப்பநிலையில் கவலை தருவதில்லை. குறைகலவை எஃகு போல்ட் என்றால் குளிர்ந்த நிலையில் தாக்கச் சோதனை செய்த சான்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது துளையின் பக்கவாட்டுக்கு வருவோம். இழுக்கும்போது துளையின் இடது வலது விளிம்புகளில் தகைவு குவிகிறது. உலோகம் அந்த இடத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து அந்தக் குவிப்பைப் பரப்பிவிடும். இழைக் கூட்டுப்பொருளுக்கு நெகிழ்ச்சி இல்லை. அது வேறு வழியில் தப்பிக்கிறது. விளிம்பில் பிசின் இழையின் திசையில் சன்னமாகப் பிளக்கும், அடுக்குகள் லேசாகப் பிரியும். இந்தச் சின்னச் சேதம் உண்மையில் ஒரு நன்மை: உச்சத்தில் இருந்த இழைகளின் சுமை அக்கம்பக்கத்துக்குப் போய்விடும். குளிரில் பிசினின் ஷியர் வலிமை (ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதைத் தாங்கும் வலிமை) கூடுவதால் இந்தப் பிளவு தாமதமாகிறது. குவிப்பு குறையாமல் அப்படியே நிற்கிறது. உச்சியில் உள்ள இழை சராசரித் தகைவு குறைவாக இருக்கும்போதே அறுந்துவிடும். கார்பன் அடுக்குத் தகடுகளில், துளையுள்ள துண்டின் இழுவை வலிமை பெரும்பாலும் குளிர்ந்த, உலர்ந்த நிலையில்தான் மிகக் குறைவாக வருகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

போல்டை இறுக்குவதும் இங்கே எதிர்பாராத திசையில் வேலை செய்கிறது. பேரிங் பக்கத்தில் இறுக்கம் நல்லது. வாஷர் அடுக்குகளை அழுத்திப் பிடிப்பதால் அவை விரிந்து எழும்பாது. வெறும் ஊசி செருகி இழுத்ததைவிட இறுக்கிய போல்டில் ஒன்றரை மடங்குக்கு மேல் பேரிங் வலிமை வருவது சாதாரணம். ஆனால் அதே அழுத்தம் பக்கவாட்டில் அந்த நன்மையான பிளவையும் தடுக்கிறது. அதனால் நிகரக் குறுக்குவெட்டுக்கு, நன்றாக இறுக்கிய போல்ட், கார்பன் இழை, குளிர் ஆகிய மூன்றும் சேர்வது நல்லதல்ல.

கிளேர் இதில் கரால் மாதிரி இல்லை. அதில் அலுமினியப் பங்கு அதிகம், அது நெகிழ்ந்து குவிப்பைப் பரப்பும். கண்ணாடி இழையும் குளிரில் வலுக்கிறது. அறை வெப்பநிலையில் ஈரம் கண்ணாடியின் மேற்பரப்பை அரித்துக்கொண்டே இருக்கும், குளிரில் அந்த வினை மந்தமாகிவிடும். ஆகவே கிளேருக்குப் பக்கவாட்டிலும் குளிர் பெரிய கேடு செய்வதில்லை. கிளேரில் கிடைத்த இந்த நிம்மதியை அப்படியே கராலுக்கோ டைட்டானியம்–கார்பனுக்கோ எடுத்துச் செல்வதுதான் ஆபத்து.

எண்ணில் காட்டினால் சட்டென்று புரியும். இவை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள், எந்தச் சோதனையின் முடிவும் அல்ல. ஒரு கார்பன் கலப்பின இணைப்பின் பேரிங் தாங்குதிறன் அறை வெப்பநிலையில் 100 அலகு, நிகரக் குறுக்குவெட்டின் தாங்குதிறன் 110 அலகு என்று வைத்துக்கொள்வோம். அது 100-இல், பேரிங்கில், மெதுவாக உடையும். குளிரில் பேரிங் 15 சதவீதம் கூடி 115 ஆகிறது, நிகரக் குறுக்குவெட்டு 5 சதவீதம் குறைந்து 104.5 ஆகிறது. இப்போது அது 104.5-இல் உடையும். அட்டவணையில் எழுதினால் "குளிரில் 4.5 சதவீதம் அதிகம்". ஆனால் உடையும் விதம் மாறிவிட்டது: மெதுவாக நசுங்கி எச்சரித்த இணைப்பு, இப்போது சத்தமில்லாமல் ஏறி ஒரே வெடிப்பில் இரண்டாகிறது. ஒற்றை போல்ட் துண்டில் இது வெறும் எண். நாலு வரிசை போல்ட் உள்ள இணைப்பில் முதல் வரிசை நசுங்கிக் கொடுத்தால்தான் மற்ற வரிசைகளுக்குச் சுமை போகும். அந்த நசுங்கல் நடப்பதற்குள் தகடு அறுந்துவிட்டால் மற்ற மூன்று வரிசைகளும் தங்கள் பங்கைக் காட்ட வாய்ப்பே இல்லை. குளிர்ச் சோதனை அறிக்கையில் நான் முதலில் தேடுவது வலிமை எண்ணை அல்ல, உடைந்த துண்டின் படத்தை.

அடுத்தது எஞ்சு தகைவு, அதாவது தயாரிப்பிலேயே தகட்டுக்குள் தங்கிவிடும் தகைவு. தகடு 120 டிகிரியில் இறுகுகிறது. அந்த நிலையில் எல்லா அடுக்குகளும் ஏறத்தாழ நிம்மதியாக இருக்கும். குளிரக் குளிர அலுமினியம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 23 பங்கு சுருங்கப் பார்க்கும். கண்ணாடி இழை அடுக்கு, இழைத் திசையில், 6 பங்குதான் சுருங்கும். கார்பன் அடுக்கு ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. ஒட்டியிருப்பதால் எல்லாம் ஒரே அளவுதான் சுருங்க முடியும். விளைவு: அலுமினியம் இழுவையில், இழை அமுக்கத்தில். வெளியே சுமை ஒன்றுமே இல்லாதபோதே இந்த நிலை. அறை வெப்பநிலைக்கு வந்தால் 100 டிகிரி இறக்கம், மைனஸ் 55-க்குப் போனால் 175 டிகிரி.

ஒரே திசையில் மட்டும் பார்க்கும் எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். 0.3 மில்லிமீட்டரில் மூன்று அலுமினியத் தகடுகள், நடுவே 0.25 மில்லிமீட்டரில் இரண்டு கண்ணாடி அடுக்குகள், எல்லா இழையும் ஒரே திசை. அலுமினியத்தில் இழுவை அறை வெப்பநிலையில் சுமார் 36 மெகாபாஸ்கல், மைனஸ் 55-இல் சுமார் 63. அலுமினியம் நெகிழத் தொடங்குவது 345-ஐ ஒட்டி என்பதால் இது பெரிய விஷயமில்லை. இப்போது அலுமினியமும் கார்பனும் சமத் தடிமனில் உள்ள கரால்: அறை வெப்பநிலையில் சுமார் 105, மைனஸ் 55-இல் சுமார் 185. நெகிழும் தகைவில் பாதிக்கு மேல் சுமை ஏற்றும் முன்பே செலவாகிவிட்டது. டைட்டானியம்–கார்பன் சமத் தடிமனில், 180 டிகிரியில் பதப்படுத்தியதாக வைத்தால்கூட மைனஸ் 55-இல் 125-ஐ ஒட்டித்தான் வரும். டைட்டானியம் நெகிழ 900 போல வேண்டும், குளிரில் அதுவும் உயர்கிறது. டைட்டானியத்தின் விரிவுக்குணகம் (மேலே சொன்ன, ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) 9, அலுமினியத்துடையது 23. குளிர்ந்த இடத்துக்குப் போகும் இணைப்பில் கார்பனுக்குத் துணையாக டைட்டானியத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு, மின்வேதி அரிப்புக்கு (கார்பனைத் தொடும் அலுமினியம் அரிந்துபோவதற்கு) அப்புறம், இதுவே போதுமான காரணம் என்பேன்.

துளையைப் போட்டவுடன் இந்த எஞ்சு தகைவு இன்னொரு வேலையும் செய்கிறது. தகட்டின் நடுப்பகுதியில் அடுக்குகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். துளையின் விளிம்பு வெட்டுப்பட்ட முகம். அங்கே அந்த இழுபறி முழுவதும் அடுக்குகளுக்கு இடையிலான ஷியராகவும் பிரிக்கும் தகைவாகவும் திரும்புகிறது. டிரில் மழுங்கியதால் அங்கே ஏற்கெனவே சின்னப் பிரிவு இருந்தால், குளிர் அதைப் பிடித்து இழுக்கும். அறை வெப்பநிலையில் துளை நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்த பரிசோதனையைக் குளிர்ச்சுழற்சிக்குப் பிறகு மறுபடியும் செய்து பார்ப்பது இதற்காகத்தான்.

இறுக்கம் என்ன ஆகிறது? தடிமன் திசையில் இழை எதையும் கட்டுப்படுத்துவதில்லை. பிசினும் அலுமினியமும்தான் தீர்மானிக்கின்றன. அந்தத் திசையில் விரிவுக்குணகம் 28 போல இருக்கும் என்று கொள்ளலாம். டைட்டானியம் போல்டுக்கு 9. போல்ட் பிடிக்கும் தடிமன் 10 மில்லிமீட்டர், 20-இலிருந்து மைனஸ் 55-க்கு 75 டிகிரி இறக்கம்: தகடு போல்டைவிட 14 மைக்ரோன் அதிகம் சுருங்குகிறது. 500 மெகாபாஸ்கலுக்கு இறுக்கிய டைட்டானியம் போல்டின் நீட்சி 45 மைக்ரோன்தான். 45-இல் 14 போனால் மூன்றில் ஒரு பங்கு இறுக்கம் காலியா என்று பயம் வரும். நல்லவேளை, தகடும் தடிமன் திசையில் மென்மையானது. இறுக்கும்போது அதுவும் 60 மைக்ரோன் போல அமுங்கியிருக்கும். இரண்டையும் கூட்டினால் 105-ஐ ஒட்டி வருகிறது, அதில் 14. ஆக இழப்பு 13 சதவீதம் போல. விறைப்பான உலோகத் தகட்டில் இதே சுருக்க வித்தியாசம் இருந்திருந்தால் இழப்பு இதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும்.

13 சதவீதம் என்றால் என்ன? எம்6 போல்டில் 500 மெகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ 10 கிலோநியூட்டன் இறுக்கம். உராய்வுக்குணகம் 0.2 என்றால் ஒரு தொடுபரப்பில் 2 கிலோநியூட்டன் வரை வழுக்காமல் பிடிக்கும். குளிரில் அது 1.7 ஆகிறது. நிலைச்சுமை வலிமைக்கு இது பொருட்டே இல்லை. ஏறி இறங்கும் சுமைக்கு இது முக்கியம், ஏனென்றால் உராய்வு தூக்கிக்கொண்டிருந்த பங்கு இப்போது துளைச்சுவருக்குப் போகிறது. அதோடு, தரையில் வெயிலில் நிற்கும் விமானத்தின் தோல் 80 டிகிரியை ஒட்டிப் போகலாம். அந்தச் சூட்டில் வாஷருக்கு அடியில் பிசின் மெல்ல அமுங்கி இறுக்கம் நிரந்தரமாகக் குறையும். அதற்குப் பிறகு வரும் குளிரில்தான் உண்மையான அடிமட்டம். அதனால் புதிதாக இறுக்கிய துண்டைக் குளிரில் சோதிப்பது, சூடு–குளிர் சுழற்சிகள் கடந்த துண்டைச் சோதிப்பதற்கு மாற்றாகாது.

துளைக்கும் போல்டுக்கும் இடையிலான இடைவெளியும் மாறும், ஆனால் கொஞ்சம்தான். 6 மில்லிமீட்டர் துளை கிளேரில் 75 டிகிரிக்கு 8 மைக்ரோன் சுருங்கினால் டைட்டானியம் போல்ட் 4 சுருங்கும். இடைவெளி 4 மைக்ரோன் குறைகிறது. எச்7 என்ற துல்லிய வகைத் துளையின் அனுமதி வரம்பே 12 மைக்ரோன் என்பதால் இறுக்கப் பொருத்தம் போட்டவர்கள் மட்டும் இதைக் கணக்கில் எடுத்தால் போதும்.

பெரிய அடி நீளத்தில் இருக்கிறது. கார்பன் தகட்டை அலுமினியச் சட்டத்தோடு நீளமாக போல்ட் போட்டு இணைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிவுக்குணக வித்தியாசம் 20. ஒரு மீட்டர் நீளம், 75 டிகிரி: 1.5 மில்லிமீட்டர் வித்தியாசம், நடுவிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு முனையிலும் 0.75 மில்லிமீட்டர். துளை இடைவெளி இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீதியைத் தகடும் சட்டமும் நீண்டும் அமுங்கியும் சமாளிக்க வேண்டும். அந்த விசை முழுவதும் முனை போல்டுகள் வழியாகத்தான் போகும். விமானம் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் குளிரில் நின்றாலே அந்த போல்டுகளுக்குப் பேரிங் சுமை ஏறிவிடும். ஒற்றை போல்ட் சோதனைத் துண்டில் இதன் சுவடுகூடத் தெரியாது. என் அனுபவத்தில் குளிர் தொடர்பான விவாதங்கள் பிசினின் நொறுங்கலைப் பற்றியே சுற்றிக்கொண்டிருக்கும். வடிவமைப்பைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த நீள வித்தியாசம்தான்.

சோர்வைப் பற்றி, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் சேதத்தைப் பற்றி, சுருக்கமாக. எஞ்சு தகைவு கூடுவதால் அலுமினியத்தில் சராசரித் தகைவு உயர்கிறது, விரிசல் தொடங்க அது உதவும். மறுபக்கம், குளிர்ந்த காற்றில் நீராவி மிகக் குறைவு என்பதால் அலுமினியத்தில் விரிசல் வளரும் வேகம் குறைகிறது. அப்புறம், விரிசலின் இரு கரைகளையும் இழைகள் பாலம் போல் பிடித்துக்கொள்வதுதான் இந்தத் தகடுகளின் பிறவிக் குணம். ஆகையால் கிளேரில் குளிர்ச் சோர்வு வழக்கமாக ஆட்டத்தை முடிவு செய்வதில்லை. ஈரமும் வெளிப்புற அலுமினியத்தால் தடுக்கப்படுகிறது. ஓரமும் துளையும் மட்டும்தான் வாசல். அந்த வாசலில் ஏற்கெனவே விரிசல் இருந்து, தண்ணீர் தேங்கி உறைந்தால் 9 சதவீதம் விரியும். துளையில் சீலண்ட் (அடைப்புப் பசை) பூசிப் போல்ட் போடுவதற்கு அரிப்பு ஒன்று மட்டும் காரணமல்ல.

இப்போது உங்கள் சோதனையை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். ஏஎஸ்டிஎம் டி5961 என்ற தரச் சோதனை முறையில் பேரிங் வலிமையை இரண்டு இடத்தில் எடுக்கலாம்: துளை விட்டத்தில் 2 சதவீதம், அதாவது 6 மில்லிமீட்டருக்கு 0.12 மில்லிமீட்டர், நிரந்தர நீட்சி வந்த இடம் ஒன்று. உச்சச் சுமை இன்னொன்று. அறை வெப்பநிலையில் இவற்றுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கும். சுமை–நீட்சிக் கோடு வளைந்து, சின்னச் சின்ன இறக்கங்களோடு தவழும். குளிரில் கோடு அதிக தூரம் நேராகப் போகும். 2 சதவீத எண் நன்றாக உயர்ந்து, உச்சம் அதே அளவு உயரவில்லை என்றால் இரண்டும் நெருங்கி வருகின்றன. அப்படி நெருங்கினால் முறிவு விதம் மாறத் தயாராகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே துண்டை அகலம் குறைத்து, விட்டத்தைப் போல் நான்கு மடங்கு, மூன்று மடங்கு என்று வைத்துக் குளிரில் மறுபடி இழுத்துப் பார்த்தால் எந்த அகலத்தில் அது மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

சோதனை முறையிலும் இரண்டு பொறிகள் உண்டு. குளிர்பெட்டியின் காற்று மைனஸ் 55 காட்டினால் துண்டும் மைனஸ் 55 என்று அர்த்தமில்லை. பிடிகள் வெளியிலிருந்து வெப்பத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். தெர்மோகப்பிளை (வெப்பநிலை உணரியை) துளைக்குப் பக்கத்தில், தகட்டின் மேலேயே ஒட்டுங்கள். இரண்டாவது, துண்டின் இரு முனைகளையும் பிடித்துப் பூட்டிவிட்டுக் குளிர்விக்காதீர்கள். 200 மில்லிமீட்டர் துண்டு 75 டிகிரிக்கு கால் மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும்; இயந்திரம் நகராமல் நின்றால் சோதனை தொடங்கும் முன்பே துண்டு இழுவையில் இருக்கும், போல்ட் வழுக்கித் துளைச்சுவரைத் தொட்டிருக்கும். சுமைக் கட்டுப்பாட்டில், பூஜ்யத்தில் வைத்துக் குளிர்வியுங்கள்.

வடிவமைப்புக்கு எந்த எண்? பேரிங்குக்குச் சூடான ஈர நிலையின் எண். நிகரக் குறுக்குவெட்டுக்குக் குளிர்ந்த உலர் நிலையின் எண், அதுவும் இறுக்கிய போல்ட் மாட்டிய துளையில் எடுத்தது. அறை வெப்பநிலை எண் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அது இரண்டுக்குமே பாதுகாப்பான பக்கத்தில் இல்லை. கிளேர் என்றால் இந்த இரண்டாவது எண் அறை வெப்பநிலைக்குக் கீழே போகாமல் இருக்கலாம். அப்படியானாலும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மைனஸ் 196, மைனஸ் 253 என்று திரவ வாயுத் தொட்டிகளின் பக்கம் போனால் மேலே சொன்ன எதையும் அப்படியே நீட்டிக் கணக்கிட வேண்டாம். அங்கே பிசினில் நுண்விரிசல் தானாகவே வர ஆரம்பிக்கும்; நாசாவின் எக்ஸ்-33 விண்கலத் திட்டத்தின் கூட்டுப்பொருள் ஹைட்ரஜன் தொட்டி 1999 நவம்பரில் சோதனையில் தோற்றதற்கு உள்தோலின் நுண்விரிசல்கள் ஒரு காரணம்.

கேள்வியில் கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: குளிரில் இறுக்கம் குறையும் என்றால் குளிர்ந்த நிலையிலேயே முழு டார்க்கில் இறுக்கிவிடலாமா? வேண்டாம். குளிரில் மரையின் கிரீஸ் கெட்டியாகி உராய்வை மாற்றும், டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணுக்கும் போல்டில் வரும் இழுவைக்கும் உள்ள உறவு குலைந்துவிடும். அப்படியே சரியாக இறுக்கிவிட்டாலும், தகடு அறை வெப்பநிலைக்குத் திரும்பும்போது போல்டைவிட அதிகம் விரிந்து, அந்த 13 சதவீதத்தைக் கூடுதலாக ஏற்றும். வெயிலில் 80 டிகிரிக்குப் போனால் இன்னும் அதில் பாதிக்கு மேல் சேரும். அந்தச் சுமையை வாஷருக்கு அடியில் இளகிய பிசின் வாங்க வேண்டும். அறை வெப்பநிலையில் இறுக்குங்கள், பெரிய வாஷர் போடுங்கள், சில சூடு–குளிர் சுழற்சி முடிந்ததும் அறை வெப்பநிலைக்குத் திரும்பக் கொண்டுவந்து ஒருமுறை டார்க் சரிபாருங்கள்.